அரளிச்செடி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரளி வளர்க்கிறவர்களிடம் பார்க்கிறவர்களெல்லாம் ஒரே மாதிரி கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு அளவுக்கு மீறிய பயம், மீதிப் பேருக்குப் பயமே கிடையாது. இரண்டுமே சரியில்லை. அதனால் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அரளி என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அரளியைத்தான் சொல்கிறேன். மஞ்சள் அரளிக்குத் தனிக் கேள்வி உண்டு.

அரளி நிஜமாவே விஷமா, இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?

நிஜமாகவே விஷம்தான். இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாவற்றிலும் நச்சு இருக்கிறது. ஓலியாண்ட்ரின் என்பது அதில் முக்கியமானது. இதய நோய்க்கு மருத்துவர்கள் கொடுக்கும் டிஜாக்சின் மருந்தின் வகையைச் சேர்ந்த பொருள் இது. இதயத் தசைச் செல்கள் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. ஓலியாண்ட்ரின் அந்தப் பம்பை அடைத்துவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத்துடிப்பு தாளம் தப்பும்.

எத்தனை இலை தின்றால் ஆபத்து என்று பலர் கேட்கிறார்கள். செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் நச்சின் அளவு மாறும். ஆளின் எடையையும் இதயத்தின் நிலையையும் பொறுத்து விளைவும் மாறும். அதனால் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஒரு கணக்கு கிடையாது. கொஞ்சம்கூட வாய்க்குள் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துல நின்னாலே, பூவை மோந்தாலே ஏதாவது ஆகுமா?

ஆகாது. நச்சு செடிக்குள்ளே இருக்கிறது, காற்றில் மிதந்து வருவதில்லை. அடியில் நாற்காலி போட்டு உட்காரலாம், பூவைத் தொடலாம். வாசனை அதிகமுள்ள ரகங்கள் சிலருக்குத் தலைவலி தரலாம், அது எந்த நெடியான பூவுக்கும் பொருந்தும்.

கிளையை ஒடிக்கும்போது வடியும் சாறு விஷயம் வேறு. சிலருக்கு அது தோலில் பட்டால் அரிக்கும், தடிக்கும். கண்ணில் பட்டால் எரியும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழுவாத கையோடு கண்ணைத் தேய்ப்பதும் சாப்பிட உட்காருவதும்தான் வழக்கமாக நடக்கும் தவறு.

மஞ்சள் அரளியும் இதுவும் ஒண்ணுதானே?

ஒரே குடும்பம், வேறு வேறு செடி. சாதாரண அரளியில் இலைகள் பெரும்பாலும் ஒரு கணுவுக்கு மூன்று மூன்றாக, தடித்துக் கரும்பச்சையாக இருக்கும். காய் நீளமாக, குச்சி போல இருக்கும். முற்றினால் இரண்டாகப் பிளந்து, பஞ்சு முடியோடு விதை பறக்கும். மஞ்சள் அரளியில் இலை இன்னும் ஒடுக்கமாகப் பளபளவென்று, ஒன்று மாற்றி ஒன்றாக இருக்கும். பூ மணி போலத் தொங்கும். ஒடித்தால் பால் வடியும்.

எனக்கு இரண்டில் கவலை அதிகம் மஞ்சள் அரளி மேல்தான். அதன் காய் பச்சையாக, உருண்டையாக, கையில் எடுத்து விளையாடத் தோதாக இருக்கும். பழுத்தால் கறுத்துக் கீழே விழும். உள்ளே இருக்கும் கொட்டையின் பருப்பில் நச்சு மிக அதிகம். குழந்தைகள் கல்லால் தட்டி உடைத்துப் பார்க்கிற மாதிரியான பொருள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மஞ்சள் அரளி வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

இவ்வளவு விஷம்னா உலகம் பூரா ஏன் நட்டு வச்சிருக்காங்க?

வேறெந்தச் செடியும் தாங்காத இடத்தில் இது தாங்கும் என்பதால்தான். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து ஆசியா வரை, வறண்ட ஓடைப் படுகைகளில் தானாக வளர்ந்த செடி இது. வெயில், வறட்சி, உப்புக் காற்று, வாகனப் புகை எதற்கும் அசையாது. இலையைத் திருப்பிப் பார்த்தால் இதன் சூட்சுமம் ஓரளவு தெரியும். இலைத்துளைகள் வெளியே திறந்திருக்காமல், மெல்லிய ரோமம் மூடிய சிறு குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஈரம் சட்டென்று வெளியேறாது. ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அந்தக் குழிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலைகளின் நடுவே எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணில் படாமல் மறைக்க இதைத்தான் மைல் கணக்கில் நட்டார்கள். டெக்சாஸில் கால்வெஸ்டன் தீவுக்கு 1841ல் வந்த அரளி அங்கே அப்படிப் பெருகி, அந்த ஊருக்கே அரளி நகரம் என்று பெயர் வாங்கித் தந்தது. 1945ல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் சீக்கிரமே மறுபடி பூத்த செடிகளில் இதுவும் ஒன்று என்பதற்காக, 1973ல் அதை நகரின் மலராக அறிவித்தார்கள்.

சின்னக் குழந்தை இருக்கு. வைக்கலாமா?

கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதென்றால் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மூன்று வருஷம் பொறுத்தால் செடி எங்கும் ஓடிவிடாது. ஏற்கனவே நிற்கிறதென்றால், குழந்தை விளையாடும் பக்கம் கிளை தாழ்ந்து வராமல் அடிப்பகுதியைச் சுத்தமாக வைத்து, உதிர்ந்த இலை பூக்களைத் தினமும் கூட்டி எடுங்கள். ஒரு வேலித் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது.

அரளி பயங்கரக் கசப்பு. குழந்தைகள் கடித்தாலும் பெரும்பாலும் உடனே துப்பிவிடுவார்கள். ஆனால் அந்தக் கசப்பை நம்பிக் குழந்தையை விட முடியாது. விவரம் தெரிந்த வயதில் 'தொடாதே' என்று மட்டும் சொல்லாமல் ஏன் என்று சொல்லுங்கள். பூவின் காம்பைச் சப்புவது, இலையில் ஊதல் செய்வது, குச்சியைப் பல்லில் கடிப்பது, சொப்பு வைத்துச் சமைத்து விளையாடுவது ஆகிய நான்கையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும்.

நாய், பூனை, ஆடு மாடு?

எல்லாவற்றுக்கும் விஷம். குதிரைக்கும் கோழிக்கும்கூட. மேயும் கால்நடைகள் பச்சை அரளியைப் பொதுவாக ஒதுக்கிவிடும். கஷ்டம் எங்கே வருகிறதென்றால், வெட்டிப் போட்ட கிளை காய்ந்த பிறகு. காய்ந்தால் மாடு எளிதாக வாய் வைத்துவிடும், நச்சோ அப்படியே இருக்கும். வைக்கோலோடும் புல்லோடும் சருகு கலந்துவிட்டால் மாட்டுக்குப் பிரித்துத் தின்னத் தெரியாது. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் தொழுவத்தை ஒட்டியோ, மேய்ச்சல் நிலத்து வேலியாகவோ அரளி நடவே கூடாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கிளை நீட்டிக்கொண்டு இருக்கவும் விடக் கூடாது, இலை விழுந்து ஊறினால் தண்ணீரிலும் நச்சு இறங்கும்.

வீட்டுக்குள் ஜாடியில் பூ வைத்தால் இதே விதிதான். பூனை அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும்.

சரி, நடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எங்க நடணும்?

ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத மண். அவ்வளவுதான் அது கேட்கும். விட்டால் 2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை போகும் செடி என்பதால் சுவரிலிருந்து தள்ளி நடுங்கள். நடைபாதை ஓரத்தில், கை உரசிப் போகிற தூரத்தில் வேண்டாம். ஆள் போகாத பின்புறம்தான் சரியான இடம். வேர் பிடிக்கும் வரை முதல் சில மாதங்கள் ஒழுங்காகத் தண்ணீர் விட வேண்டும். அப்புறம் மண் நன்றாகக் காய்ந்த பிறகு விட்டால் போதும்.

தொட்டியிலும் வரும். குட்டை ரகமாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டிச் செடி கையெட்டும் உயரத்தில் இருக்கும், ஆகவே குழந்தை, பூனை பற்றி மேலே சொன்னது அதற்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

குச்சி வெட்டி வச்சா வேர் பிடிக்குமா?

பிடிக்கும், சுலபமாகவே. ரொம்பப் பிஞ்சும் இல்லாமல் ரொம்ப முற்றலும் இல்லாமல் 15 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு தண்டை எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த ஈரமண்ணில் நடுங்கள். தண்ணீரில் போட்டு வைத்தாலும் சில வாரங்களில் வேர் விடும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீரை மாற்றும்போது பழையதை யாரும் குடிக்க முடியாத இடத்தில் கொட்டுங்கள்.

விதையிலும் முளைக்கும், ஆனால் தாய்ச்செடியின் நிறமே வரும் என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் குச்சிதான் வழி.

செடி நல்லா தளதளன்னு இருக்கு, பூக்கவே மாட்டேங்குது. ஏன்?

முதலில் வெயிலைப் பாருங்கள். பக்கத்து மரம் வளர்ந்து நிழல் விழ ஆரம்பித்திருக்கும். அடுத்தது உரம். தழைச்சத்து அதிகமானால் இலையாகத்தான் தள்ளும், இலை தளதளவென்று இருப்பதே அதற்கு அடையாளம். மூன்றாவது, தப்பான நேரத்தில் வெட்டுவது. அரளி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். மொட்டு வைக்கப் போகும் நேரத்தில் நுனிகளைச் சீவி வடிவம் கொடுத்தால் வரப்போகிற பூவையே வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கவாத்து எப்படி, எப்போ?

ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும். உயரத்தைக் குறைத்தால் வெட்டிய இடத்துக்குக் கீழேயுள்ள கணுவிலிருந்து இரண்டு மூன்று துளிர் கிளம்பி, செடி அடர்த்தியாகும். வயதாகி அடி மொட்டையாகிப் போன செடியை ஒரேயடியாகத் தறிக்க வேண்டாம். பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையோடு வெட்டுங்கள், அடுத்த வருஷம் இன்னொரு பங்கு. தூரிலிருந்து வரும் பக்கக்கன்றுகளைப் பிஞ்சிலேயே பிடுங்கிவிட்டால் செடி ஒழுங்காக நிற்கும்.

முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். கிளைகளில் கரடுமுரடான முண்டு முண்டாகக் கட்டிகள் இருந்தால் அது ஒரு பாக்டீரியா நோய். கட்டிக்குக் கீழே நல்ல பாகத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்திரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நோயைக் கத்திரியே பரப்பிவிடும். முடிந்ததும் கருவிகளைக் கழுவுங்கள், போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

வெட்டின கிளையெல்லாம் எரிச்சிடலாமா? மக்க வைக்கலாமா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். செடியில் நிற்கும் அரளி யாரையும் தேடி வருவதில்லை. வெட்டி மூலையில் போட்ட அரளிதான் ஆட்டின் வாய்க்கும் அடுப்புக்கும் போய்ச் சேர்கிறது.

எரிக்கவே கூடாது. புகையோடு எரிச்சல் தரும் நச்சுப் பொருட்களும் மூச்சுக்குள் போகும். குளிர்காயக் கூட்டும் தீயில், சமையல் அடுப்பில், குப்பையோடு குப்பையாக, எந்த வகையிலும் வேண்டாம். கிளை பொடிக்கும் இயந்திரத்தில் போட்டால் தூளும் சாறும் முகத்தில் தெறிக்கும் என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது.

மக்க வைப்பது பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். நன்றாகச் சூடேறி முழுதாக மக்கிய குவியலில் ஓலியாண்ட்ரின் சிதைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் வீட்டுத் தோட்டத்து உரக்குழி பெரும்பாலும் அவ்வளவு சூடாவதில்லை. தடித்த அரளி இலை மற்றதெல்லாம் மக்கிய பிறகும் முழுசாகக் கிடக்கும். கிளறினால் தெரியும், நரம்புகூடக் கலையாமல் பழுப்பு நிறத்தில் விறைப்பாக இருக்கும். அதனால் நான் அரளியை உரக்குழியில் சேர்ப்பதில்லை. சிறு துண்டுகளாக நறுக்கி, சாக்கில் கட்டி, குப்பை வண்டிக்குக் கொடுப்பதோ, கால்நடை வராத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைப்பதோ மேல். எதைச் செய்தாலும் அன்றைக்கே செய்யுங்கள். நாளைக்கு என்று குவித்து வைப்பதில்தான் வினை.

கிளை நுனியெல்லாம் மஞ்சளா பூச்சி அப்பியிருக்கு. விஷச்செடியில எப்படிப் பூச்சி?

அது அரளி அசுவினி. பளிச்சென்ற மஞ்சள் உடம்பு, கறுப்புக் கால். எருக்கஞ்செடியிலும் இதே பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு செடியும் ஒரே குடும்பம். ஆண் துணை இல்லாமலேயே குட்டி போட்டுப் பெருகுவதால் ஒரே வாரத்தில் நுனி முழுக்க நிறைந்துவிடும். செடியின் நச்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு தன்னைத் தின்ன வருகிறவற்றை விரட்டும். அந்த மஞ்சள் நிறமே ஒரு எச்சரிக்கைதான்.

பார்க்கத்தான் பயமாக இருக்கும், வளர்ந்த செடிக்குப் பெரிய சேதம் கிடையாது. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் உதிர்ந்துவிடும். ரொம்பப் பிஞ்சு நுனி என்றால் கிள்ளி எடுத்துவிடுங்கள். பூச்சிமருந்து அடித்தால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் சேர்ந்து சாகும், அடுத்த முறை அசுவினி இன்னும் அதிகமாக வரும்.

இலையைப் புழு தின்னுது. அதுக்கு ஒண்ணும் ஆகாதா?

ஆகாது, அரளியைத் தின்னவே பிறந்த புழுக்கள் உண்டு. தடித்த பச்சைப் புழுவாக, தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண்கள் வரைந்தது மாதிரி இருந்தால் அது ஒரு பெரிய அந்துப்பூச்சியின் புழு. தொட்டால் தலையை உள்ளிழுத்து அந்தப் பொய்க் கண்களை உப்பிக் காட்டும். உடம்பில் கறுப்புக் கொம்பிழைகள் நீண்டு, வரிவரியாக இருந்தால் அது கரும்பழுப்பு இறக்கையின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட பட்டாம்பூச்சியின் புழு. அதன் கூட்டுப்புழு இலைக்கடியில் கண்ணாடியாகப் பளபளத்துத் தொங்குவதை ஒருமுறை பார்த்தால் புழுவை நசுக்க மனசு வராது. சில இலைகளை அதற்கு விட்டுக்கொடுங்கள்.

தேனீ அரளிப்பூவுக்குப் போனா தேனும் விஷமாயிடுமா?

அரளிப்பூவில் தேன் சுரப்பதில்லை. பகட்டான நிறத்தையும் மணத்தையும் காட்டிப் பூச்சிகளை ஏமாற்றி வரவழைக்கும் பூ அது. வந்து பார்த்து ஒன்றும் கிடைக்காமல் போகும் பூச்சிகளால்தான் அதற்கு மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. காய் குறைவாகப் பிடிப்பதற்கும் இது ஒரு காரணம். அதனால் இந்தக் கவலையைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

காய்கறிப் பாத்தி பக்கத்துல இருந்தா காயில விஷம் ஏறுமா?

வேர் வழியாக ஏறிக் காயை விஷமாக்கும் என்று பயப்பட வேண்டாம். உதிரும் இலைதான் பிரச்சினை. கீரைப் பாத்திக்கு மேலே அரளி நின்றால், அறுக்கும்போது ஒரு சருகு கட்டோடு போய்விடும். ஒடுங்கிய இளம் அரளி இலை சமையலுக்குப் போடும் வேறு இலையோடு குழம்பவும் வாய்ப்பு உண்டு. சில மீட்டர் தள்ளி நடுங்கள், சமையலுக்கான மூலிகைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

அரளியில மருந்து செய்யறாங்களே, வீட்டுல கஷாயம் வைக்கலாமா?

கூடாது. டிஜாக்சின் மருந்தாவதே மிகச் சிறிய, துல்லியமான அளவில், இரத்தப் பரிசோதனையோடு கொடுக்கப்படுவதால்தான். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி அதில் அவ்வளவு குறுகியது. ஒரு கைப்பிடி இலையில் எவ்வளவு இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னபடி யாருக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் நச்சு போகாது. 2020ல் கொரோனாவுக்கு ஓலியாண்ட்ரின் நல்லது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை உணவுச் சேர்ப்புப் பொருளாக விற்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை.

அரளிக் குச்சியில கறி சுட்டுத் தின்ன சிப்பாய்கள் செத்துப்போனது உண்மையா?

இந்தக் கதையில் படை மாறும், நூற்றாண்டு மாறும், குச்சி மட்டும் மாறாது. அதிலேயே கொஞ்சம் சந்தேகம் வர வேண்டும். அரளிக் குச்சியில் இறைச்சியைக் கோத்துச் சுட்டுச் சோதித்தபோது அதில் இறங்கிய நச்சு மிகச் சொற்பம் என்றே தெரிந்தது. அதற்காக நீங்களும் செய்து பார்க்க வேண்டாம், புகையைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

யாராவது தின்னுட்டா உடனே என்ன செய்யணும்?

வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளிக்கச் செய்து, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், மோர் என்று எதையாவது கொடுத்து நேரத்தைக் கடத்தவும் வேண்டாம். எது தின்றார், எப்போது, ஏறக்குறைய எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். செடியின் ஒரு சிறு கிளையைப் பையில் போட்டு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். மஞ்சள் அரளியா மற்றதா என்பதும் தெரிந்துவிடும்.

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், நாடித்துடிப்பு மெதுவாவது அல்லது விட்டுவிட்டுத் துடிப்பது ஆகியவை அறிகுறிகள். 'நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, சில மணி நேரம் கழித்தும் இதயத்தில் கோளாறு தொடங்கலாம். மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துத் தொடர்ந்து கவனிப்பார்கள், தேவைப்பட்டால் வயிற்றிலுள்ள நச்சை உறிஞ்சும் மருத்துவக் கரித்தூள், மெதுவான இதயத்துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து கொடுப்பார்கள். கடுமையான நிலையில் டிஜாக்சினுக்கு எதிரான முறிமருந்து இதற்கும் வேலை செய்யும். வேண்டுமென்றே தின்றிருப்பாரோ என்ற சந்தேகம் இருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

கால்நடை, நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் இதே வேகத்தில் போக வேண்டும்.

இதெல்லாம் படிச்சா பேசாம பிடுங்கிடலாம்னு தோணுது. என்ன சொல்றீங்க?

குழந்தையோ ஆடு மாடோ எட்டும் இடத்தில் நின்று, இடம் மாற்ற வழியில்லை என்றால் பிடுங்குங்கள். மற்றபடி அவசரம் இல்லை. ஏனென்றால் அரளியை எடுத்துவிட்டு அதே தோட்டத்தில் ஊமத்தை, ஆமணக்கு, செங்காந்தள், குன்றிமணி, தொட்டியில் டிஃபன்பேக்கியா என்று வைத்திருப்பவர்கள் நிறைய. அவையும் நச்சுச் செடிகள்தான். அரளிக்குக் கெட்ட பெயர் இருப்பதால் அதன் மேல் மட்டும் கண் போகிறது.

எடுப்பதென்றால் தரையோடு வெட்டினால் போதாது, தூரிலிருந்து மறுபடி கிளம்பும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது சுற்றித் தோண்டி வேர்க்கட்டையோடு எடுங்கள். மறுபடி துளிர் வந்தால் விரல் நீளம் ஆவதற்குள் கிள்ளுங்கள், சில மாதத்தில் ஓய்ந்துவிடும். அந்த வேரையும் கிளைகளையும் என்ன செய்வது என்பதற்கு வெட்டிய கிளை பற்றிய பதிலைப் பாருங்கள். காலியான இடத்தில் செம்பருத்தியோ இட்லிப்பூவோ நடலாம். இரண்டும் வெயிலில் நன்றாகப் பூக்கும், குழந்தை பறித்து வாயில் வைத்தாலும் பதற வேண்டியதில்லை.